கனமான அம்பா, வேகமான அம்பா? எல்க் வேட்டையில் தீராத கணக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கொலராடோ மலைக்காடுகளில் எல்க் மான்கள் இணைசேரும் பருவம். ஆண் எல்க் விசிலடிப்பது போலக் கத்துவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். உலகிலேயே எல்க் மான்கள் அதிகம் வாழும் பகுதியாகச் சொல்லப்படும் இந்த மாநிலத்தில், வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாட உரிமம் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் அதே மாதம்தான். சீசனுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அங்கே ஒரே பட்டிமன்றம்: அம்பு வேகமாகப் போகணுமா, கனமாக இருக்கணுமா?

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முழுதாக வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. தப்பான அம்பு அதன் எலும்பில் முட்டிப் பாதியில் நின்றுவிட்டால், அந்த விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடும். சில நாள் வலியில் கிடந்து சாகும், அல்லது ஊனத்தோடு வாழும். தேடிப் போனவருக்கு எதுவும் கிடைக்காது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அமெரிக்காவில் மாநில அரசுகளே உரிமம் கொடுத்து, எத்தனை விலங்கு என்று வரம்பு வைத்து அனுமதிக்கின்றன. அது சரியா தவறா என்பது தனி விவாதம். அனுமதி இருக்கும் இடத்தில், எய்யப்பட்ட விலங்கு சீக்கிரம் சாகுமா, சித்திரவதைப்படுமா என்பதை அம்பின் எடை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

தோட்டா வேறு, அம்பு வேறு

வேட்டைத் துப்பாக்கியிலிருந்து வரும் சாதாரணத் தோட்டா சுமார் 10 கிராம் இருக்கும். விநாடிக்கு 850 மீட்டருக்கு மேல் பறந்து, 3,500 ஜூலுக்கும் அதிகமான ஆற்றலோடு உடம்பில் இறங்கும். நவீன காம்பவுண்ட் வில்லிலிருந்து புறப்படும் அம்பின் ஆற்றல் பெரும்பாலும் 100-லிருந்து 120 ஜூல்தான். தோட்டாவோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு.

அப்படின்னா அம்பு எப்படிக் கொல்கிறது? அடித்து வீழ்த்தி அல்ல, வெட்டி. அம்பின் நுனியில் இருக்கும் 'பிராட்ஹெட்' என்பது சவர பிளேடு மாதிரி கூரான அலகுகள் கொண்ட முனை. அது இரண்டு நுரையீரல்களையும் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிட்டால், விலங்கு சில விநாடிகளிலேயே மயங்கி விழும். மறுபக்கம் துளை விழுந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ரத்தம் இரண்டு பக்கமும் தரையில் சொட்டும். ஓடிய விலங்கைத் தடம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அம்பு உள்ளேயே நின்றுவிட்டால் ரத்தம் பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். எல்க் போன்ற பெரிய விலங்கை எய்பவர்கள் அம்பு 'முழுசா வெளியே வரணும்' என்று பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்

அம்பின் எடையை 'கிரெய்ன்' என்ற பழைய அலகில்தான் சொல்வார்கள். 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெய்ன். வில் கம்பெனிகள் விளம்பரப்படுத்தும் வேகம் பொதுவாக 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளக்கப்பட்டது. அதாவது ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெய்ன். அதற்கும் கீழே போனால் அம்பு வாங்கிக்கொள்ள முடியாத ஆற்றல் வில்லிலேயே திரும்பி, வில்லே உடைந்துவிடலாம். ஆக, விளம்பரத்தில் மின்னும் எண், பாதுகாப்பான அளவில் ஆக லேசான அம்பு தரும் எண். காட்டுக்கு எடுத்துப் போகும் அம்புக்கு அது பொருந்தாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே வில்லில் 350 கிரெய்ன், அதாவது 22.7 கிராம் அம்பு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 113 ஜூல். அதே வில்லில் 650 கிரெய்ன், அதாவது 42 கிராம் அம்பை வைத்தால் வேகம் 75 மீட்டர் அளவுக்கு இறங்கும். கனமான அம்பு வில்லின் ஆற்றலைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சுவதால் இயக்க ஆற்றல் 120 ஜூலை ஒட்டி வரும். ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தம்? முதல் அம்புக்கு 2.27, இரண்டாவதுக்கு ஏறத்தாழ 3.2. நாற்பது சதவீதம் அதிகம்.

ஆற்றலில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. உந்தத்தில் ஒரு முறைதான். வேகக் கட்சிக்காரர்கள் முதல் எண்ணைக் காட்டுவதும், எடைக் கட்சிக்காரர்கள் இரண்டாவதைக் காட்டுவதும் இதனால்தான். தசை, விலா எலும்பு, தோல் என்று தடை மேல் தடை வரும்போது அம்பைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டு போவது உந்தம். பிரேக் போட்டாலும் சரக்கு லாரி சட்டென்று நிற்காது. வெறும் மொபெட் நின்றுவிடும். ஊடுருவல் மட்டுமே கேள்வி என்றால் எடைக் கட்சி சொல்வதுதான் நியாயம்.

650 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கனமான அம்புக்கு ஆதரவாகப் பேசும் யாரும் எட் ஆஷ்பி பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் அவர் தொடங்கிய ஆய்வு, பிறகு ஆஸ்திரேலியாவின் காட்டெருமைகள் வரை நீண்டது. எந்த அம்பு எவ்வளவு ஆழம் போனது, எங்கே உடைந்தது என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். தடித்த எலும்பை உடைத்து உள்ளே போக, 650 கிரெய்ன் ஒரு வாசற்படி போல வேலை செய்கிறது என்பது அவர் கண்டது.

இந்த எண் மட்டும் தனியாகப் பிரபலமாகிவிட்டதுதான் பிரச்சினை. அவருடைய பட்டியலில் எடைக்கு முன்னால் வருபவை வேறு. முதலில், அம்பு உடையக் கூடாது, முனை வளையக் கூடாது. அடுத்து, ஆட்டமில்லாமல் நேராகப் பறக்க வேண்டும். பறக்கும்போது வால் ஆடினால், பட்டதும் தண்டு பக்கவாட்டில் வளைந்து ஆற்றலைத் தின்றுவிடும். 650 கிரெய்ன் இருந்தும் முனை வளைந்துபோனால் அந்தக் கனத்தால் என்ன பயன்? அதோடு, தடித்த காட்டெருமை எலும்பை முன்வைத்துப் பேசப்படும் அளவு, 70 கிலோ வெள்ளைவால் மானுக்கு அப்படியே தேவைப்படாது. எல்க் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விலா எலும்பு பெரிய தடையல்ல. தோள்பட்டை எலும்பில் பட்டால்தான் சிக்கல்.

தூரம் கேட்கும் விலை

கனமான அம்பு இலவசம் இல்லை. அது மெதுவாகப் போகிறது, அதனால் வேகமாகத் தாழ்கிறது. 35 மீட்டர் என்று கணித்து எய்கிறார் ஒருவர். விலங்கு உண்மையில் நிற்பது 40 மீட்டரில். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100 மீட்டர் வேக அம்பு குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே படும். 75 மீட்டர் வேக அம்பு 17 சென்டிமீட்டர் கீழே. எல்க்கின் நுரையீரல் பகுதி ஒரு தாம்பாளம் அளவு இருக்கும். நடுவில் குறிவைத்தவருக்கு 10 சென்டிமீட்டர் பிசகு பிழைத்துப் போகும்; 17 சென்டிமீட்டர் ஓரத்துக்குப் போய்விடும். அதே ஐந்து மீட்டர் பிசகு 20 மீட்டர் தூரத்தில் நடந்தால்? 5 சென்டிமீட்டர், 9 சென்டிமீட்டர். இரண்டுமே உள்ளேதான். ஆக, எத்தனை கிரெய்ன் என்று கேட்பதற்கு முன், எத்தனை மீட்டருக்குள் எய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

லேசர் தூரமானி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை அழுத்திவிட்டு நாணை இழுப்பதற்குள் எல்க் நாலு எட்டு வைத்துவிடும்.

சத்தமும் ஒரு கணக்கு. நாண் விடுபடும் ஓசை விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும். 40 மீட்டரில் நிற்கும் விலங்கின் காதுக்கு அது 0.12 விநாடியில் எட்டிவிடும். வேகமான அம்பு வந்து சேர 0.4 விநாடி, கனமான அம்புக்கு 0.53. எந்த அம்பாலும் ஓசையை முந்த முடியாது. மிரண்ட வெள்ளைவால் மான், ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்தும் நேரத்தில் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். எல்க் அந்த அளவுக்குத் துள்ளுவதில்லை. கனமான அம்பு எய்யும்போது வில்லில் மிச்சமாகும் அதிர்வும் ஓசையும் குறைவு. வேகத்தில் இழந்ததை அமைதியில் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

முனையில் மட்டும் கனம் ஏற்றினால்?

100 கிரெய்ன் முனையைக் கழற்றிவிட்டு 200 கிரெய்ன் முனையைத் திருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. ஒவ்வொரு அம்புத் தண்டுக்கும் ஒரு விறைப்பு எண் இருக்கிறது. தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே அந்த எண். 340 என்று போட்டிருந்தால் 0.340 அங்குலத் தொய்வு. எண் சிறியதானால் தண்டு விறைப்பு. முன்னால் கனம் கூட்டினால், நாண் பின்னாலிருந்து தள்ளும்போது தண்டு அதிகமாக வளையும். வளைந்த அம்பு ஆடிக்கொண்டே போகும். முனையை மாற்றினால் தண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். பட்டவுடன் விரியும் மெக்கானிக்கல் முனைகள் அகலமாக வெட்டும். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைச் செலவழிக்கும். ஆற்றல் குறைந்த வில் வைத்திருப்பவர் எல்க்குக்கு அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனை இல்லை.

அலாஸ்கா மாநில விதி மூஸ், காட்டெருது, பழுப்புக் கரடி போன்றவற்றுக்குக் குறைந்தது 50 பவுண்டு இழுவிசையும், 300 கிரெய்ன் அம்பும் கேட்கிறது. சட்டம் சொல்வது தரை மட்டம். மூஸுக்கு 300 கிரெய்ன் போதும் என்று அதற்குப் பொருள் இல்லை. எல்க்குக்கு 70 பவுண்டு வில் வைத்திருப்பவருக்கு 450-லிருந்து 550 கிரெய்ன் என்பது இரு கட்சிக்கும் நடுவில் நிற்கும் அளவு. 25 மீட்டரைத் தாண்டி எய்வதே இல்லை என்பவர் 600-க்கு மேலும் போகலாம். 50 பவுண்டு வில்லை இழுப்பவருக்குக் கணக்கே வேறு: எடை 425 முதல் 450, கூரான இரண்டு அலகு முனை, தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது.

எடையை முடிவு செய்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சட்டத்தில் ஒரு தாளை இறுக்கிக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து அதன் வழியே எய்து பார்ப்பார்கள். அம்பு நேராகப் போனால் தாளில் முனைக்கு ஒரு சின்னத் துளையும், அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டும் இருக்கும். தாள் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்திருந்தால், வில்லைத் திருத்திவிட்டு மறுபடி எய்ய வேண்டும்.