சட்டம் பயில்வோரும் தேடும் கலையும்

சட்டம் படித்தவர் என்றால், நாட்டின் சட்டங்களையெல்லாம் மனத்தில் அடக்கி வைத்திருப்பவர் என்றே பொதுமக்களிற் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். எத்துணைப் பெரிய அறிவாளிக்கும் அது இயலாத செயல். இயன்றாலும் பயன் சிறிதே; நாடாளுமன்றம் கூடுந்தோறும் சில சட்டங்கள் திருத்தம் பெறுகின்றன; நீதிமன்றங்கள் நாள்தோறும் புதிய தீர்ப்புகளை வழங்குகின்றன. ஆகவே, வேண்டிய சட்டத்தைத் தேடிக் கண்டு, அது இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்தறிய வல்லவரே நல்ல வழக்கறிஞர். இத்திறனை மாணவர்க்கு எவ்வாறு பயிற்றுவது என்பது சட்டக் கல்வியின் தலையாய கேள்விகளுள் ஒன்றாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மலேசியத் தோட்டம் ஒன்றில் பல்லாண்டு பால்வெட்டிய தொழிலாளி ஒருவர் திடீரென வேலை நீக்கம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிருவாகம் தந்த கடிதத்தில் காரணம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் சட்ட உதவி நாடி வருகிறார். அவருக்கு வழி சொல்லும் பொறுப்பு சட்ட மாணவன் ஒருவனிடம் பயிற்சியாக ஒப்படைக்கப்படுகிறது. அவன் எங்கே தொடங்குவான்?

முதற்படி, நடந்ததைத் தெளிவாக அறிதல். எந்த நாளில் நீக்கப்பட்டார்? என்ன காரணம் கூறப்பட்டது? விசாரணை நடந்ததா? இவற்றைக் கேட்டறியாமல் நூலைப் புரட்டுவது, நோயைக் கேளாமல் மருந்து தேடுவது போன்றதாகும்.

இரண்டாம் படி, சட்டத்தின் மூல வாசகத்தைக் காணுதல். இங்கே பொருந்துவது 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, மீண்டும் வேலையில் அமர்த்தப்படுவதற்கான முறையீட்டைத் தொழிலுறவுத் தலைமை இயக்குநரிடம் கொடுக்கலாம். ஆனால் நீக்கப்பட்ட 60 நாள்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். இந்த 60 நாள் என்னும் எல்லையைக் காணத் தவறிய மாணவன், ஏனைய சட்ட நுட்பங்களையெல்லாம் அறிந்திருந்தும் என்ன பயன்? காலம் கடந்தால் தொழிலாளியின் உரிமையே கைநழுவிப் போகுமன்றோ!

மூன்றாம் படி, அந்த வாசகம் இன்றைய வாசகந்தானா என்று பார்த்தல். இதே 20ஆம் பிரிவு நல்ல சான்றாகும். முன்னர், சமரசம் கைகூடாதபோது விவகாரத்தைத் தொழில் நீதிமன்றத்திற்கு அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்தவர் அமைச்சர். 2020இல் நிறைவேறிய திருத்தம் 2021 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தபின், தலைமை இயக்குநரே நேராக அனுப்புகிறார். நூல் நிலையத்தில் உள்ள பழைய பாடநூலை மட்டும் நம்பிய மாணவன், "இனி எல்லாம் அமைச்சர் கையில்" என்று தொழிலாளியிடம் கூறுவான். எழுதப்பட்ட நாளில் அந்நூல் சொன்னது மெய். இன்று அது பிழை.

நான்காம் படி, நீதிமன்றங்கள் அச்சட்டத்திற்குக் கூறிய பொருளைத் தேடுதல். ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். இத்தீர்ப்புகள் அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகின்றன. அவற்றுள் பெயர்பெற்ற மலாயன் லா ஜர்னல் 1932இல் தொடங்கப்பெற்றது. வேலை நீக்க வழக்குகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் தீர்ப்பு ஒன்று, 1981, இரண்டாம் தொகுதி, மலாயன் லா ஜர்னல், 129 என்று குறிக்கப்படும். ஆண்டு, தொகுதி, இதழின் பெயர், பக்கம் என்னும் இவ்வரிசையை அறிந்தவனுக்கு அது ஒரு வீட்டு முகவரியைப் போன்றது. அவ்வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், முதலாளி எந்தக் காரணத்தைச் சொல்லி நீக்கினாரோ அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதையே தொழில் நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று கூறியது. கடிதத்தில் உள்ள அந்த ஒற்றை வரி எத்துணை முக்கியமானது என்பது மாணவனுக்கு அப்போதுதான் விளங்கும்.

ஐந்தாம் படி, கண்ட தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, விலக்கினவா, மாற்றினவா என்று பார்த்தல். அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல் இதற்கென ஓர் உத்தியைக் கையாண்டார். பிந்திய தீர்ப்புகளின் விவரங்களைப் பசைத் தாளில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைப் பழைய தீர்ப்புகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். அந்த வேலையை இன்று கணினி நொடியிற் செய்கிறது. ஆயினும், செய்ய வேண்டும் என்னும் நினைவு மாணவனிடமே இருத்தல் வேண்டும்.

கருவியை நம்பி இக்கடமையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு 2023இல் நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சி ஒரு பாடம். விமானத்தில் முழங்காலில் அடிபட்ட பயணி ஒருவரின் வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் செயற்கை அறிவுப் பொறி தந்த தீர்ப்புகளை மனுவில் எடுத்துக்காட்டினர். அவற்றுட் பல உலகில் எங்கும் வழங்கப்படாதவை; பொறியின் கற்பனை! நீதிமன்றம் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. மூலத் தீர்ப்பைத் திறந்து பார்க்க முயன்றிருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கும் விதத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக் கற்பிக்க முடியுமா? மரத்தின் முன் நிறுத்தி, பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டுவதென்று கை பழகச் செய்தல் வேண்டும். சட்டத் தேடலும் அத்தகையதே. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் லாங்டெல் என்பவர் 1870இல் தலைமை ஏற்றபோது, விரிவுரை மனப்பாடத்தை விலக்கி, மாணவர் தீர்ப்புகளையே நேரிற் படித்து விவாதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது பெரிய முன்னேற்றமே. எனினும், அம்முறையில் தீர்ப்புகளைத் தேர்ந்து தொகுத்துக் கொடுத்தவர் ஆசிரியர். தேடும் உழைப்பு மாணவனுக்கு இல்லை.

ஆகவே, தொழிலாளியின் கடிதம் போன்ற ஒரு சிக்கலை மட்டும் மாணவனிடம் கொடுத்து, சட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் விடுதலே தக்க பயிற்சியாகும். எந்தச் சொல்லைக் கொண்டு தேடினான், எதைக் கண்டான், எதை ஏன் தள்ளினான், எந்த நாள்வரை சரிபார்த்தான் என்பவற்றை அவன் ஏட்டில் குறித்து வரவேண்டும். ஆசிரியர் விடைக்கு மட்டுமன்றி, வந்த வழிக்கும் மதிப்பெண் அளித்தல் வேண்டும். தவறான வழியில் தற்செயலாகச் சரியான விடையை அடைந்தவன் அடுத்த வழக்கில் தடுமாறுவான். வழி அறிந்தவன் பிழை செய்தாலும் திருத்திக்கொள்வான்.

மலேசியாவில் பட்டம் பெற்றோர், வழக்கறிஞராகப் பதிவுபெறுமுன் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெறுகின்றனர். தேடும் பழக்கத்தை அதுவரை ஒத்திப்போடுதல் நன்றன்று. அந்நாளில் அவர்கள் முன் வந்து நிற்பது பாடப் பயிற்சியன்று. வேலை இழந்த மனிதர். அவருடைய 60 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.