ஆயில் குடிக்கும் காரும் அவசரமாகத் திறக்கப்படும் இன்ஜினும்

நோணாங்குப்பத்தைத் தாண்டிப் போகும் கடலூர் சாலையில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றது, அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம். இன்றைக்கு ஓடும் 800-களில் கடைசியாக வந்ததற்கே பத்து வயது கடந்துவிட்டது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு, அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். இந்த வயதுக் கார்களின் சொந்தக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், ‘வண்டி ஆயில் குடிக்குது’ என்பது. பட்டறையில் அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ரிங் போயிடுச்சு சார், இன்ஜின் இறக்கணும்.’ அந்தப் பதில் தவறு என்று நான் சொல்லவில்லை, சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆயில் குறைவதற்கு அரை டஜன் காரணங்கள் இருக்க, அவற்றில் மிக அதிகச் செலவு வைக்கும் காரணத்தை மிகக் குறைந்த சாட்சியத்தோடு முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய காரைக் கழித்துவிடும் முடிவுகளில் பலவும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் கேள்வி, எவ்வளவு குடிக்கிறது என்பது. இதற்கு எண்ணால் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ‘மாசம் ஒரு தடவை ஊத்தறேன்’ என்பது அளவு ஆகாது. சமதளத்தில் நிறுத்தி, காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, மேல் கோடு வரை ஊற்றி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் அதே மாதிரி பார்த்து, மறுபடி மேல் கோட்டுக்கு வர எத்தனை மில்லி பிடித்தது என்று அளவுக் குவளையில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆயில் கொஞ்சம் எரிவது எல்லா இன்ஜினுக்கும் இயல்பு. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை போனாலும் குறையில்லை என்று கையேட்டில் அச்சடித்த நிறுவனங்கள்கூட உண்டு. அது தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட எல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மொத்தமே மூன்று லிட்டர் அளவுக்கு ஆயில் பிடிக்கும் சிறிய காரில் அந்தக் கணக்கு ஆபத்தானது. இன்னொரு சிக்கல், குறுகிய ஓட்டம். நோணாங்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் எட்டுக் கிலோமீட்டர். தினமும் அவ்வளவே ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தப்படுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கிவிடுவதால், ஆயில் குறைந்தாலும் டிப் ஸ்டிக்கில் மட்டம் அப்படியே நிற்பதுபோல் தெரியும். பிறகு ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை ஓட்டினால், சூட்டில் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப்போய் மட்டம் சட்டென்று இறங்குகிறது. பல மாதங்களாக நடந்த இழப்புக்கு அந்த ஒரு பயணம் பழி சுமக்கிறது.

‘புகையே வரலையே, தரையில சொட்டும் இல்லையே, பின்ன எங்க போகுது?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு மில்லி. ஒரு மில்லிக்கு 20 துளி என்று வைத்தால், 50 மீட்டருக்கு ஒரு துளி. ஓடும்போது மட்டும் இந்த வேகத்தில் கசிந்தால், வீட்டில் நிறுத்தியபின் தரை சுத்தமாகவே இருக்கலாம். கசியாமல் எரிகிறது என்றே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் மூன்று சிலிண்டர் இன்ஜினில், ஒரு கிலோமீட்டருக்குள் 4500 முறை எரிதல் நடக்கிறது. 225 எரிதலுக்கு ஒரு துளி ஆயில், அவ்வளவுதான். இது கண்ணுக்குப் புகையாகத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. பி.யு.சி. சான்றிதழும் இங்கே உதவாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது, நீலப் புகையை அளப்பதில்லை.

அளவு கிடைத்தபின், செலவு குறைந்த இடத்திலிருந்து தேடுவதுதான் முறை. டேப்பட் கவர் கேஸ்கெட் காய்ந்து கசிந்தால், ஆயில் பல வண்டிகளில் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்து தீய்ந்துவிடும். சொட்டு இருக்காது, வண்டியை நிறுத்தி இறங்கும்போது கருகிய வாடை மட்டும் அடிக்கும். கிராங்க் ஆயில் சீல், ஃபில்டர் அடி, சம்ப், டிரெயின் போல்ட் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் ஈரம் தானே காட்டிக்கொடுக்கும். கடலோர ஊர்களில் சம்ப் தகடு உப்புக்காற்றில் அரித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்தது பிரீதர் குழாயும் அதிலுள்ள பி.சி.வி. வால்வும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை மறுபடி இன்ஜினுக்குள் இழுத்து எரிக்கும் வழி அது. வால்வு திறந்தபடி சிக்கினால் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுக்கும், அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறிச் சீல்கள் வழியாக ஆயிலைத் தள்ளும். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் சிறு துளிகூட ஆகாத இந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்க்காமலே ரிங்கைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

வெளியே எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டும். அப்போது புகை வரும் நேரம் பேசும், நிறத்தைவிட அதிகமாகவே பேசும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் கிளம்பும்போது மட்டும் நீலமாக ஒருமுறை ஊதினாலோ, புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலில் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஊதினாலோ, சந்தேகம் வால்வு சீலின் மேல். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அந்த ரப்பர் தொப்பி சூட்டில் காய்ந்து கல்லாகிவிட்டால், நிற்கும் நேரத்தில் ஆயில் தண்டு வழியே இறங்கித் தேங்குகிறது. ஆள் ஏற்றிக்கொண்டு வேகமெடுக்கும்போது புகை விடாமல் தொடர்ந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். மூன்றில் ஒன்று மட்டும் கருத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான். பிறகு கம்ப்ரஷன் சோதனை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

இந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பிஸ்டனில் பொதுவாக மூன்று ரிங். அழுத்தத்தைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டும். சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது. அந்த மூன்றாவது ரிங் கரி பிடித்துச் சிக்கினால், கம்ப்ரஷன் நன்றாகக் காட்டும், ஆயிலும் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் விற்ற, 2007 முதல் 2009 வரையிலான மாடல் ஆண்டுகளின் 2.4 லிட்டர் டொயோட்டா கேம்ரி கார்களில் கிளம்பிய ஆயில் பிரச்சினையும் பிஸ்டன், ரிங் பகுதியில்தான் இருந்தது. 2015-இல் டொயோட்டா அங்கே உத்தரவாதத்தை நீட்டித்து, பாதிக்கப்பட்ட வண்டிகளுக்குப் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித்தர முன்வந்தது. அதற்கு அது வைத்த நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது. 1200 மைல் ஓடி ஒரு குவார்ட்டுக்கு மேல், அதாவது 1000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டருக்கு மேல் ஆயில் குறைகிறது என்று டீலரிடம் அளந்து நிரூபிக்க வேண்டும். தன் இன்ஜினில் கோளாறு உண்டு என்று தெரிந்த நிறுவனமே அளக்காமல் திறக்கவில்லை.

அனுபவசாலியான மெக்கானிக்குக் குவளையும் குறிப்பேடும் எதற்கு, சத்தத்திலேயே சொல்லிவிடுவாரே என்பார்கள். சொல்வார்தான். ஆனால் வால்வு சீல் தேய்ந்த வண்டியும் ரிங் தேய்ந்த வண்டியும் டிப் ஸ்டிக்கில் ஒரே மாதிரிதான் குறையும், காது அங்கே துணைக்கு வராது. எப்படியும் திறக்கத்தானே போகிறோம், எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடலாம் என்பது இதைவிட வலுவான வாதம். கூலி ஒருமுறையோடு போகும் என்பது உண்மை. ஆனால் பல இன்ஜின்களில் வால்வு சீலை ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிளக் ஓட்டையில் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து, வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலை அது. தவிர, சிக்கனம் பார்த்து ரிங்கை மட்டும் மாற்றும் அரைகுறை வேலை பெரும்பாலும் திரும்பி வரும். வழவழவென்று பளபளப்பாகிப்போன சுவரில், ஹோனிங் செய்யாமல் போட்ட புது ரிங் படியாது. நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டர் போரில் வட்டமான ரிங் எப்படிப் பொருந்தும்? லேத் பட்டறையில் போரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்த்து, தேவையென்றால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் முழு வேலை. அங்கேயும் அளவுதான் தீர்மானிக்கிறது.

கெட்டியான ஆயிலை ஊற்றிச் சமாளிப்பவர்களையும் நான் முழுக்க மறுக்கமாட்டேன். 20டபிள்யூ-40 கேட்கும் பழைய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இழப்பு கொஞ்சநாள் குறையும். மெல்லிய ஆயிலுக்கென்று நுண்ணிய இடைவெளிகளோடு செய்த புதிய இன்ஜினில் அதே வைத்தியம் குளிர்ந்த நிலையில் ஆயில் மேலே ஏறுவதைத் தாமதப்படுத்தும். வெறுமனே ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் ஒரு கணக்குதான். 1000 கிலோமீட்டருக்கு 200 மில்லி போகும், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் 800-க்கு இன்ஜின் வேலை செய்வது பணத்தைக் கடலில் போடுவது. ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில், எரியும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அதைச் செயலிழக்க வைக்கும். டர்போ டீசல் வண்டியில் சீல் போய் ஆயில் காற்றுக் குழாய்க்குள் வந்தால், சாவியை அணைத்தபின்னும் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடும் அபாயம் உண்டு. அங்கே ஊற்றி ஓட்டுவது கூடாது.

வேலை முடிந்து வந்த வண்டியையும் அளந்துதான் வாங்க வேண்டும். புது ரிங் சுவரோடு படிய ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம், அதுவரை ஆயில் கொஞ்சம் குறைவது வழக்கம். இரண்டாவது ஆயிரத்தில் அதே சமதளத்தில், அதே குவளையால் எடுத்த எண் முதல் எண்ணைவிடக் குறையவில்லை என்றால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் கேட்க நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது.