மிலிட்டரி சித்தப்பாவும் ஷேர் மார்க்கெட்டும்

"டேய், நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு பார்த்துச் சொல்லு. மானிட்டர் மட்டும் ரெண்டு வேணும்" என்று சித்தப்பா போன் செய்தார். எதற்கு என்று கேட்டேன். "டிரேடிங் பண்ணப் போறேன். பாங்க் வாசல்ல துப்பாக்கி பிடிச்சு நிக்கிறதுக்கா 24 வருஷம் சர்வீஸ் போட்டேன்?" என்றார்.

அவர் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து, 43 வயதில் ஓய்வு பெற்று காட்பாடிக்கு வந்திருந்தார். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், பி.எப். என்று கையில் ஒரு தொகை இருந்தது. அதில் மூன்று லட்சம் ரூபாயை இந்தப் புதிய தொழிலுக்கு ஒதுக்கியிருந்தார். மகள் பிளஸ் டூ படித்துக் கொண்டிருந்தாள். சித்திக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். மானிட்டர் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். மிச்சமான பணத்தில் யு.பி.எஸ். வாங்க வைத்தேன். (பலரும் கம்ப்யூட்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், இன்டர்நெட் இருக்காது.) பங்குகளை வைத்திருக்க டீமேட் கணக்கு, வாங்கி விற்க டிரேடிங் கணக்கு, இரண்டையும் செபியில் பதிவு பெற்ற ஒரு புரோக்கரிடம் தொடங்கினார். புரோக்கரின் பெயரை செபி இணையதளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் லிங்க் மூலம் எந்த டிரேடிங் சாப்ட்வேரையும் டவுன்லோட் செய்ய வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன்.

அடுத்து ஸ்டாப் லாஸ் பற்றிச் சொல்லிக் கொடுத்தேன். 500 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்குகிறீர்கள். விலை 490-க்கு இறங்கினால் விற்றுவிடு என்று அப்போதே ஒரு ஆர்டர் போட்டு வைப்பதுதான் ஸ்டாப் லாஸ். விலை சட்டென்று சரிந்தால் 490-க்கும் கீழே விற்க நேரலாம். ஆனாலும் நஷ்டத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பங்குச் சந்தைக்கு அனுப்பிய பிறகு அந்த ஆர்டர் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை, சந்தையின் சர்வரில் இருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்தாலும் அன்றைய சந்தை நேரம் முடியும் வரை அது அங்கேயே காத்திருக்கும்.

சித்தப்பாவுக்கு இது உடனே புரிந்தது. தினமும் காலை 9.15-க்கு சந்தை திறக்கும்போது குளித்துத் தயாராக உட்கார்ந்திருப்பார். மாலை 3.30-க்கு முடிந்ததும், சிக்னல் சென்டரில் லாக் எழுதிய பழக்கத்தில், அன்றைய ஒவ்வொரு டிரேடையும் எக்ஸெல்லில் ஏற்றிவிடுவார். இவ்வளவு ஒழுங்கான மனிதர் எப்படித் தோற்பார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்று மாதத்தில் போனது 1,26,000 ரூபாய்.

சித்தி போன் செய்து அழுதார். அந்த வாரமே போனேன். எக்ஸெல் பைலைத் திறந்து, வாங்கிய நேரத்தில் போட்ட ஸ்டாப் லாஸ் விலை, கடைசியாக விற்ற விலை என்று இரண்டு காலங்களை ஒப்பிட்டோம். "பிறகு மாற்றினேனா?" என்று புதிதாக ஒரு காலம் சேர்த்து, ஆம் அல்லது இல்லை என்று நிரப்பச் சொன்னேன். டேட்டா மெனுவில் பில்டர் கொடுத்து "ஆம்" வரிகளை மட்டும் பிரித்தோம். மொத்தம் 64 டிரேடுகள். அதில் 11-ல் விலை இறங்க இறங்க ஸ்டாப் லாஸையும் கீழே இறக்கிக்கொண்டே போயிருந்தார். அந்த 11 மட்டும் தின்றது 1,07,000 ரூபாய்.

"ஏன் சித்தப்பா?" என்றேன். நெடுநேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். "பொசிஷனை விட்டுட்டு வரக்கூடாதுன்னுதான்டா பழக்கம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இங்கேயும் பொசிஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் விட்டுவிட்டு ஓடி வரத் தெரிந்தவர்தான் இங்கே பிழைக்கிறார். இத்தனைக்கும் அவர் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகவில்லை. போக இருந்தார். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வை அன்று காட்டினேன். அந்த ஆண்டு மார்ச் வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பவர்களில் 10-க்கு 7 பேர் 2022-23 நிதியாண்டில் நஷ்டப்பட்டார்கள் என்பது செபியின் இன்னொரு ஆய்வு. "இதை மொதல்லயே காட்டியிருக்கலாமே" என்றார். நியாயமான கோபம். கம்ப்யூட்டரைத்தான் நான் பார்த்துக் கொடுத்தேன், தொழிலைப் பார்க்கவில்லை.

பங்குச் சந்தையில் சொந்தப் பணத்தைப் போடுவது மட்டுமே வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். புரோக்கர் அலுவலகத்தில் டீலர் என்று ஒரு வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டரைத் தவறில்லாமல் போடுவது, அவர் சொன்னார் என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது. ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பது செபியின் விதி. செய்தியை வாங்கி, திருப்பிச் சொல்லி, நேரம் குறித்து லாக் எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

டெரிவேட்டிவ்ஸ் ஆர்டர்களையும் கையாள என்.ஐ.எஸ்.எம். நடத்தும் எட்டாம் வரிசைத் தேர்வில் தேற வேண்டும். கம்ப்யூட்டரிலேயே எழுதும் தேர்வு. 100 கேள்விகள், 2 மணி நேரம், தேற 60 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்துவிடுவார்கள். சித்தப்பா முதல் முறை 54 வாங்கினார். இரண்டாம் முறை 71. இப்போது வேலூரில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் டீலராக இருக்கிறார். டிரேடிங்கில் கனவு கண்டதைவிடச் சம்பளம் குறைவு. பென்ஷனோடு சேர்த்தால் வீட்டுக்குப் போதும்.

அடுத்து ஆதரைஸ்டு பெர்சன் ஆகலாமா என்று யோசிக்கிறார். பதிவு பெற்ற புரோக்கர் ஒருவரின் கீழ், சந்தையின் அனுமதியோடு நடத்தும் தொழில் இது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும். வாடிக்கையாளரின் பணத்தைத் தன் பெயரில் வாங்கக் கூடாது என்பது இதன் முக்கியமான நிபந்தனை. சித்தப்பாவுக்கு இப்போதே அந்தச் சோதனை வந்துவிட்டது. போன மாதம் அவரோடு சர்வீஸில் இருந்த ஒருவர், ரிட்டயர்மென்ட் பணத்துக்கு செக்கோடு வந்து, "நீயே போட்டு எடுத்துக் கொடுப்பா" என்றாராம். சித்தப்பா செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்து அந்த 11 வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.