ரக்கூன் தோலும் இருபிடிக் கத்தியும்

கறுப்பும் சாம்பலுமாக வளையம் போட்ட வால் ஒன்று பின்னால் தொங்கும் ரோமத் தொப்பியைப் பழைய அமெரிக்கப் படங்களில் பார்த்திருக்கிறீர்களா? அது ரக்கூன் என்ற விலங்கின் தோல். 1954-55இல் டேவி கிராக்கெட் என்ற எல்லைப்புற வீரரைப் பற்றிய டிஸ்னி தொடர் வந்தபோது, அமெரிக்கச் சிறுவர்களிடையே அந்தத் தொப்பிக்கு அப்படி ஒரு மவுசு!

சரி, அந்தத் தோலை எப்படி உரிக்கிறார்கள்?

வயிற்றைக் கிழிப்பதில்லை. பின்னங்கால்களின் உட்புறமாக ஒரு கீறல் போட்டு, பனியனைத் தலைவழியே கழற்றுவது போல, உள்பக்கம் வெளியே வரும்படி முழுத் தோலையும் இழுத்துவிடுகிறார்கள். வாலில் இருக்கும் எலும்பையும் மறக்காமல் உருவிவிட வேண்டும். விட்டால் வால் அழுகிவிடும்.

கை வலிக்கும் வேலை இனிமேல்தான். குளிர்காலத்துக்காக ரக்கூன் உடம்பில் ஏராளமாகக் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அது தோலில் ஒட்டியிருந்தால் தோலே வீணாகிவிடும். அதனால், வழவழப்பான உருண்ட மரக்கட்டையின் மேல் தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடியுள்ள நீண்ட கத்தியால் கொழுப்பைத் தள்ளித் தள்ளி வழிக்கிறார்கள். பெரும்பாலும் மழுங்கிய விளிம்புதான் உழைக்கும். கூர் விளிம்பு கழுத்துப் பக்கத்துத் தடித்த இடங்களுக்கு மட்டும். அவசரப்பட்டால் தோலில் ஓட்டை!

பிறகு பலகையிலோ கம்பிச் சட்டத்திலோ இழுத்து மாட்டி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத காற்றோட்டமான இடத்தில் உலரவிடுகிறார்கள்.