ஆறுமணிக் குருவிக்குச் சருகுதான் காடு

மரம் இருந்தால் பறவை தானாக வரும் என்று நம்புகிறோம். ஆறுமணிக் குருவியைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும் இந்தப் பறவை, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மே முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள உடம்போடு இத்தனை தூரம் வந்து சேர்வதே பெரிய காரியம். வந்த இடத்தில் அது தேடுவது கிளையை அல்ல, தரையை.

இரவில் மரத்தில் அடைந்தாலும் இதன் இரை முழுவதும் கீழேதான். பச்சை முதுகும் கண்ணை மூடிய கருப்புப் பட்டையும் வாலடியில் செக்கச்சிவப்புமாக, நிழலில் தத்தித் தத்திப் போகும், சட்டென்று நிற்கும், குட்டை வால் மேலும் கீழும் ஆடும். அலகால் ஓர் இலையைப் புரட்டித் தள்ளி, அடியில் நெளியும் மண்புழுவையோ வண்டின் புழுவையோ கவ்விக்கொள்ளும். இந்த இரைக்குத் தேவையான மண் ஈரத்தைக் காப்பது சருகு. சருகு மக்கினால்தான் அதைத் தின்னும் பூச்சிகள் பெருகும். கோடியக்கரையின் உலர் பசுமைமாறாக் காடும் சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் இப்பறவைக்குத் தோதாக இருப்பது இதனால்தான். மரத்தடியெல்லாம் சிமெண்ட் பூசி, தினமும் பெருக்கும் பூங்காவில் எத்தனை மரம் நின்றாலும் இதற்குப் பட்டினிதான்.

சருகை விட்டுவைத்தால் கொசுவும் பாம்பும் வருமே என்பார்கள். கொசு முட்டையிடத் தேங்கிய நீர் வேண்டும். பொறுக்க வேண்டியது சருகுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பையையும் தேங்காய்ச் சிரட்டையையும். பாம்பு ஒதுங்கும் என்பது உண்மை. ஆகவே வாசலையும் நடைபாதையையும் பெருக்கத்தான் வேண்டும். தோட்டத்தின் கடைசி மூலைக்கு அந்தக் கண்டிப்பு எதற்கு? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை அழியும் ஆபத்து குறைந்த இனமாகத்தானே வைத்திருக்கிறது என்றும் கேட்கலாம். அந்தக் கணக்கு இனம் முழுவதற்குமானது. நம் ஊரில் இறங்கும் பறவைக்கு இரை கிடைக்கிறதா என்பதை அது சொல்லாது. பள்ளி, கல்லூரி, கோயில் நந்தவனம் என மரத்தடி உள்ளவர்கள், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையாவது ஒரு மூலைச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டுவையுங்கள்.