முதலில் ஆயிலைப் பாருங்கள்

ஓட்டல் சாப்பாடு நன்றாக இல்லையென்றால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். கியர்பாக்ஸ் வேலையில் அந்த வசதி கிடையாது. பெருந்தொகை கொடுத்து வண்டியை எடுத்து வந்த பிறகும், அந்த வேலை தேவைதானா, இன்னும் குறைவாக முடிந்திருக்குமா என்பது வண்டிக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் எழுதிய கட்டுரை இத்தகைய சேவைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியது. பழுது என்னவென்று சொல்பவரே அதைச் சரிசெய்யவும் காசு வாங்குகிறார். வேலை முடிந்த பின்னும் அதன் தரத்தை அளக்க வாடிக்கையாளரிடம் வழியில்லை. ஆகவே ‘நாலு பேரிடம் விசாரியுங்கள், இணையத்தில் என்ன மதிப்பெண் என்று பாருங்கள்’ என்ற வழக்கமான யோசனை இங்கே பாதிதான் பலிக்கும். தேயாத கிளட்ச் பிளேட்டை மாற்றிக்கொண்டவரும் ஐந்து நட்சத்திரம்தான் கொடுப்பார், வண்டி ஓடுகிறதே! பட்டறையை எடைபோட வேண்டுமானால் மெக்கானிக்கும் வண்டிக்காரரும் ஒன்றாக நின்று கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று வேண்டும். கியர்பாக்ஸில் அந்தச் சாட்சி அதன் ஆயில். அதைப் பார்க்காமல் பெட்டியைக் கழற்றச் சொல்கிற பட்டறையை நம்ப வேண்டியதில்லை என்பது என் கட்சி.

மேனுவல் வண்டியில் கியர் ஆயிலின் வேலை பெரும்பாலும் மசகிடுவதுதான். டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. எஞ்சினின் விசையைக் கடத்துவதும், வால்வுகளை அழுத்தத்தால் இயக்குவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும், உள்ளே உள்ள கிளட்சுகள் எவ்வளவு வழுக்கலாம், எப்போது பிடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் ஒரே ஆயில். இந்த வழுக்கலும் பிடிப்பும் எவ்வளவு நுணுக்கமான வேதியியல் என்றால், 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே மாற்றுப் பொருள் தேடினார்கள். இந்த ஆயிலுக்கு முதல் எதிரி வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும் கார், தேசிய நெடுஞ்சாலையில் அதே தூரம் ஓடும் காரைவிடப் பெட்டியை அதிகம் வதைக்கிறது. ஓடோமீட்டரில் அது தெரியாது, ஆயிலில் தெரியும். பொதுவாகச் சிவப்பாகத் தெளிந்திருக்கும் ஆட்டோமேட்டிக் ஆயில் பழுப்பாகிக் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிகிறது என்று சந்தேகிக்கலாம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லிசாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகத்தில் உறுத்தும் இரும்புச் செதில் இருந்தால் பல்சக்கரத்திலோ பேரிங்கிலோ கோளாறு. மேனுவல் பெட்டியில் வடித்த ஆயிலில் மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் பித்தளை சிங்க்ரோ ரிங் கரைகிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய சென்னைக் கார்களில் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குப் பெட்டியின் காற்றுத் துளை வழியே இறங்கும் நீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்டோமேட்டிக்கில் அந்த நீர் கிளட்ச் உராய்வுத் தகட்டின் பசையையே இளக்கிவிடும்.

இந்தச் சாட்சிக்கும் எல்லை உண்டு. மேனுவல் வண்டிகளிலும், மேனுவல் பெட்டியிலேயே கியர் தானாக மாறும் ஏ.எம்.டி. வண்டிகளிலும் கிளட்ச் பிளேட் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து கிடப்பது. அதன் தேய்மானம் ஆயிலில் வராது. ஆனால் அதையும் கழற்றாமல் சோதிக்கலாம். மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். எகிறி வேகம் ஏறவில்லையென்றால் பிளேட் வழுக்குகிறது. கியர் விழ மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் கேபிள் அல்லது ஹைட்ராலிக் கசிவு. பெட்டி அதற்குப் பிறகுதான்.

‘எங்கள் வண்டியில் ஆயுள் முழுவதற்கும் ஒரே ஆயில், மாற்றவே வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறதே’ என்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். பல கையேடுகளில் இதே பெட்டிக்குக் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது: நெரிசல், மலைப்பாதை, அதிக வெப்பம், பாரம் இழுத்தல். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள்தான் ஓடுகின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் வாடகைக் காருக்குச் சாதாரண அட்டவணை பொருந்தாது.

இன்னொரு ஆட்சேபம் பட்டறைகளிலேயே கேட்பது: பழைய ஆட்டோமேட்டிக்கில் புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும். இதில் ஓரளவு உண்மை உண்டு. அழுத்தம் கொடுத்துக் கழுவும்போது அடியில் படிந்த கசடு கிளம்பி, நுண்ணிய வால்வு வழிகளை அடைக்கலாம். ஆனால் கதையின் பெரும்பகுதி காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொண்டதால் வந்தது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆயிலைத் தொடாதவர், கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு மாற்றுகிறார். அடுத்த மாதம் பெட்டி நின்றால் பழி புது ஆயிலுக்கு. கழுவாமல் வடித்து ஊற்றினால் ஆபத்து குறைவு. டார்க் கன்வர்ட்டருக்குள் பழைய ஆயில் கணிசமாகத் தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் வடித்து ஊற்றுவது வழக்கம்.

எந்த ஆயில் என்பது எப்போது மாற்றுவது என்பதைவிட முக்கியம். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களின் டி.எஸ்.ஜி. எனப்படும் 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளில் சிந்தடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றித் தர முன்வந்தது. புழுக்கமான பருவநிலையில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், அந்த சிந்தடிக் ஆயில் மின் கோளாறுக்கு இடம்கொடுத்ததுதான் காரணம். விலை கூடிய ஆயில் நல்ல ஆயில் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. ஜி.எல்-4 தர ஆயில் கேட்கும் மேனுவல் பெட்டியில் ஜி.எல்-5 ஊற்றினால் சிங்க்ரோ ரிங்குக்குத் தேவையான பிடிப்பு கெடலாம். சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக்குக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் (ஏ.டி.எஃப்.) ஆகாது. ‘எல்லா வண்டிக்கும் இதுதான் சார் ஊத்துறோம்’ என்று ஒரு டின்னைக் காட்டுகிற இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

அப்படியானால் கம்பெனி சர்வீஸ் சென்டரே பாதுகாப்பு என்று முடிவுகட்டலாமா? சரியான ஆயில், சரியான ஸ்கேனர் என்ற வகையில் அங்கே சாதகம் உண்டு; வாரன்டி உள்ளவரை வேறு யோசனையும் தேவையில்லை. ஆனால் உள்பாகத்தைச் சீர்செய்வதைவிட முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வது அங்கேதான் அதிகம். பிரித்துப் பார்த்து ஒரு பேரிங்கை மட்டும் மாற்றத் தெரிந்தவர் வெளிப் பட்டறையில் இருப்பார். அவருக்கு உதிரிபாகமும் ஸ்கேனர் மென்பொருளும் கிடைப்பதில்தான் சிக்கல். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இந்த விவகாரத்தில்தான். நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. ஆகவே எந்த வகைக் கடை என்பதைவிட, அது எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். முதலில் எப்போது சத்தம் வருகிறது, சூடானாலா குளிர்ந்திருக்கும்போதா, எந்தக் கியரில் என்று கேட்க வேண்டும். பிறகு கூடவே ஓட்டிப் பார்த்து, ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டை எழுதித் தந்து, ஆயிலை வடித்துக் காட்ட வேண்டும். பெட்டியைப் பிரிப்பது கடைசி. பிரித்தால் கழற்றிய பாகங்களை வண்டிக்காரரிடம் கொடுக்கவும் வேண்டும். பில்லில் ‘கியர் ஆயில்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆயிலின் பெயர், தரம், எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு மெக்கானிக் மூடியைத் திறக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறொன்றும் இருக்காது.