கம்பத்தில் ஏறிய சாட்சி

மாலை 6 மணிக்குக் கோவை சரவணம்பட்டிச் சந்திப்பில் வேகக் கேமரா ஒன்றை நட்டுவைத்தால் அதற்கு ஒரு கேஸ்கூடக் கிடைக்காது. கீரணத்தம் பக்கமிருந்து ஐ.டி. கம்பெனி வண்டிகள், கல்லூரிப் பேருந்துகள், துடியலூர் ரோட்டிலிருந்து வந்து கலப்பவை எல்லாம் சத்தி ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். வரம்பை மீற ஆசைப்பட்டாலும் இடம் இருக்காது. இரவு 11 மணிக்கு மேல் அதே ரோடு ஆளே மாறிவிடும். கோவில்பாளையம், அன்னூர் போகிற லாரிகளும், காலி ரோட்டைக் கண்டதும் முறுக்கப்படும் பைக்குகளும் அப்போதுதான் வெளியே வருகின்றன. கேமராவுக்கு வேலை நேரமும் அதுதான்.

அந்த நேரத்து 40-க்கும் 60-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகிறது, ரோடு காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வரும் காருக்குச் சுமார் 36 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அந்த 20-வது மீட்டரில் இரண்டாவது கார் என்ன வேகத்தில் இருக்கும்? 55. பிரேக் பிடிக்க ஆரம்பித்து அதற்கு மூன்று மீட்டர்தான் ஆகியிருக்கும். அந்த இடத்தில் ஒருவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால் முதல் கார் அவரைத் தொடாது. இரண்டாவது கார் 55-ல் அடிக்கும்.

வேகத்தை அளக்கும் கருவிக்கு வழிகாட்டியவர் ஒரு கார் பந்தயக்காரர் என்பது வேடிக்கை. நெதர்லாந்தின் மாரிஸ் கட்சோனிடெஸ் 1953-ல் மான்டி கார்லோ ராலியில் வென்றவர். வளைவுகளில் தன் காரை இன்னும் வேகமாகத் திருப்ப வேண்டும், அதற்கு அளந்து பார்க்க வேண்டும் என்றுதான் கருவியைச் செய்தார். ரோட்டின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் ஏறியதும் நிற்கும். 1958-ல் அதற்கென்று கம்பெனியும் தொடங்கினார். இங்கிலாந்தில் வேகக் கேமராவை இன்றும் அவர் பெயரைச் சுருக்கி ‘கட்சோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

இன்றைய ரேடார் கருவி ரோட்டைத் தொடுவதில்லை. பெரும்பாலும் 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை ஒன்றை அனுப்பி, அது வண்டியில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் ஒலிக்கும் டாப்ளர் விளைவுதான் இங்கேயும். எதிரே வரும் வண்டியில் பட்ட அலை கூடுதல் அதிர்வெண்ணோடு திரும்பும். மணிக்கு 1 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 45 ஹெர்ட்ஸ் கூடும், 60 கி.மீ. என்றால் 2,700 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். போன அலையையும் வந்த அலையையும் கலந்து ஒலிபெருக்கியில் விட்டால் அந்த வித்தியாசம் விசிலாகக் காதுக்கே கேட்கும். வண்டி வேகம் எடுக்க எடுக்க விசிலும் ஏறும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருவி ரோட்டுக்குச் சாய்வாக நின்று பார்த்தால் உள்ளதைவிடக் குறைவான வேகமே அதற்குத் தெரியும். கோணம் 20 டிகிரி என்றால் 60-ல் போகிற வண்டி 56 என்று தெரியும். கம்பத்தில் நிரந்தரமாகப் பொருத்தும்போது இந்தக் கோணத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்தி விடுகிறார்கள். பிறகு ஒருநாள் லாரி இடித்தோ, மண் இறங்கியோ கம்பம் கொஞ்சம் திரும்பிவிட்டால், கருவி பழைய கோணத்துக்கே திருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பிழை ஓட்டுபவருக்குச் சாதகமாகவும் போகலாம், பாதகமாகவும் போகலாம். கருவிக்குத் தன் கழுத்து திரும்பியது தெரியாது.

போலீஸார் கையில் பிடித்து நிற்கும் லேசர் துப்பாக்கி வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தை அறிந்து, தூரம் குறையும் விதத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். 300 மீட்டருக்கு அப்பாலும் அதன் கற்றை ஒரு மீட்டர் அகலத்தை ஒட்டியே இருப்பதால் கூட்டத்தில் ஒரு வண்டியைக் குறிவைக்கலாம். ரேடாரின் கற்றை அகலமானது. பஸ்ஸுக்கு இடதுபுறம் ஒரு பைக், வலதுபுறம் ஒரு கார் என்று மூன்றும் ஒன்றாக வரும் நம் ரோட்டில், எந்த எண் எந்த வண்டியுடையது என்று பிரித்துச் சொல்ல அதற்குக் கூடுதல் மூளை வேண்டும்.

அளந்தாயிற்று, வண்டி யாருடையது? நம் ஊரில் கேமரா திணறுவது இங்கேதான். படத்தில் நம்பர் பிளேட்டின் செவ்வகத்தைத் தேடி, கோணலை நிமிர்த்தி, எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றாகப் படிக்கிறது மென்பொருள். ஆங்கில ‘பி’ எழுத்தும் 8-ம் அதற்கு ஏறக்குறைய ஒரே ஜாடை. ‘ஓ’வும் 0-வும் அப்படித்தான். டி.என்.-க்கு அடுத்து 37, 38, 66 போல இரண்டு இலக்கம்தான் வரும், எழுத்து வராது என்ற ஒழுங்கை வைத்து ஓரளவு சமாளிக்கிறது. 8055-ஐ ‘பாஸ்’ என்று படிக்கும்படி வளைத்து எழுதியவரிடமும், தலைவர் படத்துக்கு அடியில் நம்பரைப் பொடியாகப் போட்டவரிடமும் அது தோற்றுவிடும். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் எழுத்தின் வடிவம் ஒரே மாதிரி. ஒளியை வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் பூச்சும் உண்டு. திருட்டைத் தடுக்க வந்த பிளேட், கேமராவுக்குக் கண்ணாடி போட்டுவிட்டது.

நம்பரைச் சரியாகப் படித்தாலும் நோட்டீஸ் போவது பதிவில் உள்ள உரிமையாளருக்கு. ஓட்டியது யார் என்று கேமராவுக்குத் தெரியாது. ‘அந்த வண்டிய வித்து ரெண்டு வருசம் ஆச்சுங்க, வாங்குனவரு பேர் மாத்தலீங்க’ என்பது கொங்குப் பக்கம் புதிய புலம்பல் இல்லை. கேமரா வந்த பிறகு அந்தப் புலம்பலுக்கு விலை கூடிவிட்டது.

இவ்வளவு வில்லங்கம் இருந்தும் கருவி ஏன் வேண்டும்? விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தவர்களுக்கு ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வரி மனப்பாடம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டின் மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இருக்கலாம். ஆனால் அந்த வேகங்களை யாரும் அளக்கவில்லை. மோதிய பிறகு எழுதினார்கள். ஆங்காங்கே அளக்கும் கருவி இருந்தால் குழி, விளக்கில்லாத வளைவு, தப்பாக விட்ட இடைவெளி எல்லாம் ‘அதிவேகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அபராத வசூலைவிட இதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இந்த விவகாரத்தை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கோவைக்காரர். எலும்பு முறிந்து வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்த கங்கா மருத்துவமனையின் எலும்பியல் நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் மின்னணுக் கண்காணிப்புக்கென்று 136ஏ பிரிவு சேர்ந்தது. அதை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று 2024 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்னதும் இதே வழக்கில்தான்.

எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. 2023 ஜூனில் சென்னையில் 40 கி.மீ. வரம்பை வைத்து ரேடார் கருவிகளை இறக்கினார்கள். காலியான ரோட்டில் 40-ஆ என்று ஊரே கேட்டது, நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 4 முதல் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று புதிய வரம்பு வந்தது. வரம்பை உயர்த்திய மத்திய அரசின் 2018 அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்ததும் நினைவிருக்கட்டும். ஆகச் சண்டை கருவியோடு அல்ல. எந்த ரோட்டுக்கு எந்த எண், அதை யார் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதோடு. பிரான்சிலும் அப்படித்தான். 2018 ஜூலையில் கிராமப்புறச் சாலைகளின் வரம்பை 90-லிருந்து 80-ஆகக் குறைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தபோது நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட கேமராக்கள் சேதமாயின.

வாளையாரைத் தாண்டிப் போகிற கோவைக்காரர்களுக்குக் கேரளத்தின் ‘ஏ.ஐ. கேமரா’ பழக்கமான பயம். 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய அந்த 726 கேமராக்களில் வேகம் பார்ப்பவை 8 மட்டுமே. 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பார்ப்பவை. பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்று போனால் கேமரா மூன்று தலை என்று எண்ணிவிடும். கூச்சல் எழுந்ததும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது.

பணம் பறிக்கத்தான் கேமரா என்பவர்களுக்கு ஆய்வுகளிடம் ஓரளவு பதில் உண்டு. பல நாட்டு ஆய்வுகள் 35-ஐத் தொகுத்த 2010-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, கேமரா இருக்கும் பகுதிகளில் உயிரிழப்பும் பலத்த காயமும் ஏற்படும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னது. சந்தேகம் தீராதவர் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதிப்படி கருவிக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் வர வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ரேடார் வேகமானிகளும் சட்டமுறை எடையளவு விதிகளுக்குள் வந்துவிட்டன. காய்கறிக் கடைத் தராசைச் சோதித்து முத்திரை குத்தும் அதே சட்டம். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற கொங்குக்காரர், அபராதச் சீட்டிலும் அதைக் கேட்கலாம், தப்பில்லை.

கோவைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சமீப ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது. ஆனால் சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் பார்த்துவந்த இன்னொரு வேலை, வண்டியை அடிக்கடி நிற்கவைப்பது, அதோடு போய்விட்டது. 2025 அக்டோபர் 9-ல் திறந்த அவிநாசி ரோடு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 10.1 கி.மீ. நீளம், மேலே ஒரு சிக்னலும் இல்லை. இங்கே பொருந்துவது சராசரி வேகக் கேமரா. இரு முனையிலும் நம்பரைப் படித்து நேரத்தைக் கழிப்பதுதான் வேலை. வரம்பு 60 என்று வைத்துக்கொண்டால், 606 விநாடிக்கு முன்னால் மறுமுனைக்கு வந்தவர் மீறியவர். கேமராவைக் கண்டு பிரேக் பிடித்து, தாண்டியதும் முறுக்கும் தந்திரம் செல்லாது. நடுவில் இறங்குபவர்கள் மட்டும் தப்பிக்கலாம்.

சத்தி ரோட்டில் இது எடுபடாது. சரவணம்பட்டியிலிருந்து கோவில்பாளையம் வரை 90-ல் பறந்து, வழியில் ஒரு கடையில் ஐந்து நிமிடம் டீ குடித்துவிட்டுப் போனால் சராசரியில் அவர் உத்தமர். அங்கே கம்பத்துக் கேமராதான் வேண்டும், அதுவும் ஆள் கடக்கும் இடங்களில், இரவு 11-க்கு மேல் விழித்திருக்கும்படி.